என் கால் எங்கே இருக்கிறது

செப்டம்பர் 14, வியாழன்

மழை. காலை வண்டி முழுக்க ஈரக் கம்பளி வாடை. பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் படகுத்துறைக்குத் திரும்பி, காப்பி குடித்து, மறுபடி ஒரு நடை. பதினெட்டு வருடமாக இதே பாதை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் மலைகளுக்குள் நுழைந்து நீளும் கடலான ஃபியோர்டு, நடுவில் நானும் என் பேருந்தும். அலுத்துப் போனதில்லை.

கால்தான் சரியில்லை. காலுறைக்குள் இன்னொரு காலுறை போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது. கழற்றிப் பார்த்தால் ஒன்றுதான். விரல்களில் எறும்பு ஊர்கிறது. சர்க்கரை வியாதிக்காரிக்கு இதெல்லாம் வரும்தான் போல.

நாத்தனார் பெர்ல்யோட்டிடம் போனில் சொன்னேன், அவள் கோடையில் கொடுத்த நரம்பு வைட்டமின் ஒன்றும் செய்யவில்லை என்று.

"ஒண்ணு போதலைன்னா ரெண்டாப் போடு டோர்குன். வைட்டமின்தானே, விஷமா? உடம்புக்கு வேணாம்னா மூத்திரத்துல போயிடும்."

அவள் எதையும் சந்தேகமில்லாமல் சொல்வாள். கேட்கிறவர்களுக்கும் சந்தேகம் வராது.

செப்டம்பர் 20, புதன்

இரண்டாகப் போடுகிறேன். கொஞ்சம் தேவலை. இல்லை, தேவலை என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

அக்டோபர் 2, திங்கள்

இன்றே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு இதை வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

படகுத்துறைக்கு இறங்குகிற சரிவு. எப்போதும்போல வேகத்தைக் குறைத்தேன். குறைத்தேன் என்றுதான் நினைத்தேன். வண்டி குறையவில்லை. கால் பிரேக்கில் இருக்கிறதா, பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் நடுவில் இருக்கிறதா? தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். ஓட்டிக்கொண்டிருக்கும்போது, என் சொந்தக் காலைத் தேடிக் குனிந்து பார்த்தேன்! பிரேக்கின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு நின்றது, அழுத்தாமல். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். தடுப்புக் கட்டைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி குலுங்கி நின்றது. கட்டைக்கு அந்தப் பக்கம் தண்ணீர்.

யாருடைய ஆப்பிள்களோ நடுவழியில் உருண்டன.

"என்ன டோர்குன், திங்கக்கிழமையே தூக்கமா?" என்று பின்னாலிருந்து ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 3, செவ்வாய்

விடிந்ததும் டெப்போ மேலாளர் ரோருக்குப் போன் செய்தேன்.

"இன்னைக்கு நான் வண்டி எடுக்கல."

"காய்ச்சலா?"

"இல்ல. என் கால் எங்க இருக்குன்னு எனக்கே தெரியல ரோர்."

"சரி, நானே எடுக்கறேன். நீ டாக்டரைப் பாரு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அழாமல் இருந்திருப்பேன்.

என் கணவன் ஓட்வார் சால்மன் மீன் பண்ணை வேலையிலிருந்து வந்ததும் கத்தினான். "முதல்ல டாக்டர்கிட்ட போய்ட்டு அப்புறம் அவர்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? லைசென்ஸைப் பிடுங்கிட்டா?"

"பிடுங்கட்டும். வண்டியில இருக்கறது ஊர்ப் பிள்ளைங்க."

அவன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, என் பக்கத்தில் உருளைக்கிழங்கு சீவ உட்கார்ந்தான்.

அக்டோபர் 9, திங்கள்

டாக்டர் ரன்வைக் என்னைவிட இளையவர். மெதுவாகப் பேசுகிறார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பெருவிரலைப் பிடித்து, "மேலயா, கீழயா?" என்றார். மேலே என்றேன். கீழேயாம். மறுபடியும் தப்பு. இரும்பு இசைக்கவை ஒன்றைத் தட்டிக் கணுக்காலில் வைத்து, "அதிருதா?" என்றார். முழங்காலில் வைத்தபோதுதான் அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். நின்றேன், சாய்ந்தேன், அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னென்ன மருந்து சாப்பிடறீங்க?"

"சர்க்கரை மாத்திரை மட்டும்தான்."

பூட்ஸை மாட்டிக்கொண்டு கதவு வரை போய்விட்டேன். அப்புறம்தான் திரும்பினேன். "வைட்டமின் சாப்பிடறேன். அதைச் சொல்லணுமா?"

பேனாவை எடுத்தவர் கீழே வைத்தார். "அதைத்தான் முதல்ல சொல்லணும். டப்பாவோட கொண்டு வாங்க. எல்லாத்தையும்."

எல்லாம் என்றால்? நரம்புக்கு ஒன்று. தண்ணீரில் போட்டால் நுரைக்கிற ஒன்று, தெம்புக்கு. தூக்கத்துக்கு மக்னீசியத்தோடு இன்னொன்று. மருந்து என்றே நினைக்கவில்லை. பல் தேய்க்கிற மாதிரி ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

அக்டோபர் 13, வெள்ளி

ரத்தத்தில் பி12 மிகக் குறைவு. பி6 மிக மிக அதிகம்.

டாக்டர் மூன்று டப்பாக்களையும் வரிசையாக வைத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை என்னையே படிக்கச் சொன்னார். மூன்றிலும் பி6. நரம்பு மாத்திரை ஒன்றிலேயே ஒரு நாளைக்கு வேண்டியதைப் போலப் பல மடங்கு. நான் அதில் இரண்டு போட்டுக்கொண்டிருந்தேன். எதிலும் பி12 இல்லை.

"சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிடற சிலருக்கு பி12 உடம்புல சேராது. அதனால உங்க கால் மரத்துப் போச்சு. மரத்துப் போன காலுக்கு நீங்க பி6 போட்டீங்க. அளவு மீறினா அதுவும் நரம்பைத்தான் கெடுக்கும்."

"வேணாம்னா வெளிய போயிடும்னாங்களே?"

"எல்லாம் போறதில்ல." பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, "உங்களுக்கு பி12 பரிசோதனை நாங்களே எப்பவோ செஞ்சிருக்கணும். செய்யல. அது எங்க தப்பு" என்றார்.

மூன்று டப்பாவும் இன்றோடு நிற்கின்றன. சர்க்கரை மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது. பி12 ஊசி, முதலில் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு. புதிதாக எதை வாயில் போடுவதானாலும் அவரைக் கேட்டுவிட்டு. பேருந்து ஓட்டக் கூடாது.

"எப்ப சரியாகும்?"

"மாசக்கணக்கு ஆகும். முழுசா சரியாகும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

சத்தியம் செய்யாதது பிடித்திருந்தது. ஆனால் முழுசா ஆகும். நான் ஆக்குவேன்.

அக்டோபர் 14, சனி

பெர்ல்யோட்டிடம் கத்திவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. நீ என்ன டாக்டரா, உன்னை யாரு கேட்டா, உன் மாத்திரையைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டு, பிள்ளைங்களோட தண்ணிக்குள்ள போயிருப்பேன் தெரியுமா... அவள் அழுதாள். "நான் உன்னைக் கொல்லவா பாத்தேன் டோர்குன்?" போனை வைத்துவிட்டேன்.

அவளா என் வாயைத் திறந்து போட்டாள்? நான்தானே போட்டேன். இருந்தாலும் கோபம் போகவில்லை. போகட்டும் என்று விடவும் மனசில்லை.

அக்டோபர் 19, வியாழன்

ஊசி மருந்து ரத்தச் சிவப்பு. நம் ஊர்ச் செம்பெர்ரிப் பழச்சாறு மாதிரி. நர்ஸ் மங்ன்ஹில்டிடம் வலிக்குமா என்று கேட்டேன். "எனக்கா? எனக்கு இதுவரைக்கும் வலிச்சதில்ல" என்று சொல்லிக் குத்தினாள்.

நவம்பர் 3, வெள்ளி

டெப்போவில் வேலை கிடைத்தது. பேருந்துகளைக் கழுவுகிறேன். ரோர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். உடனே சரி என்றேன். வீட்டில் உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

என் வண்டியை நானே கழுவினேன். ஓட்டுநர் இருக்கையில் உட்காரவில்லை.

நவம்பர் 9, வியாழன்

கால் எரிகிறது. மரத்திருந்த இடமெல்லாம் இப்போது நெருப்பு. போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. மோசமாகிறதா?

இணையத்தில் ஒரு குழு. எல்லாரும் பி12 குறைந்தவர்கள். பாதிப் பேர் நல்லவர்கள். மீதிப் பேருக்கு டாக்டர்கள் எல்லாம் முட்டாள்கள். ஒருத்தி எழுதுகிறாள்: தினமும் ஊசி போட்டுக்கொள், கூடவே இந்த மூன்றையும் எடு, எரிச்சல் பறந்துவிடும். வாங்குகிற இடமும் கொடுத்திருக்கிறாள். மூன்றையும் கூடையில் போட்டுவிட்டேன். பணம் கட்ட வங்கி அட்டையை எடுக்க எழுந்தபோது மேசை விளிம்பில் இடித்துக்கொண்டேன். அப்படியே நின்றேன்.

என்ன செய்யப் போனேன்? மறுபடியும் அதையேதான்.

கணினியை மூடிவிட்டேன். நாளைக்கு டாக்டரைக் கேட்கப் போகிறேன்.

நவம்பர் 10, வெள்ளி

கேட்டேன். நரம்பு திரும்பும்போது சிலருக்கு எரியுமாம். நிச்சயமாக அதுதானா என்று பார்க்க மறுபடி ரத்தம் எடுத்தார். எரிச்சல் தாங்காவிட்டால் அதற்குத் தனி மருந்து இருக்கிறதாம், வைட்டமின் அல்ல. "கேட்டுட்டு வந்தீங்களே, அது போதும்" என்றார்.

ஊசியைக் கூட்டவில்லை. கேட்டும் பார்த்தேன். கூட்டவில்லை.

நவம்பர் 22, புதன்

பி6 இறங்கத் தொடங்கியிருக்கிறது. பி12 ஏறுகிறது.

தினமும் அடுப்படியில் வெறுங்காலோடு பயிற்சி. பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்க வேண்டும். இன்று தொட்டியை விட்டேன். விழுந்தேன். ஓட்வார் ஓடிவந்தான்.

"எதுக்கு விட்டே?"

"விடாம எப்படிக் கத்துக்கறது?"

"அதுக்கு நான் இருக்கறப்ப விடு, கழுதை." தூக்கி நிறுத்திவிட்டு, பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான், கோல்கீப்பர் மாதிரி. மறுபடி கண்ணை மூடினேன்.

டிசம்பர் 13, புதன்

இந்தக் குளிர்கால இருட்டில் பகல் என்று ஒன்று வந்து போனதாகச் சொல்கிறார்கள். நான் கழுவுமிடத்திலேயே இருந்தேன்.

டிசம்பர் 24, ஞாயிறு

பெர்ல்யோட் வந்தாள். ஓட்வார்தான் கூப்பிட்டிருக்கிறான். கணவன் ஹால்டோர் இறந்த பிறகு அக்கா கிறிஸ்துமஸுக்குத் தனியாக உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தாங்கவில்லை. அக்டோபரிலிருந்து நாங்கள் பேசவில்லை. இன்றும், "கோட்டைக் குடு", "உள்ள வா", அவ்வளவுதான்.

பிர்ச் மரக் குச்சிகள்மேல் ஆவியில் வெந்த உப்புக்கண்ட ஆட்டு விலா, உருளைக்கிழங்கு, மஞ்சள் கிழங்கு மசியல். மசியல் பாத்திரத்தை அவளிடம் நீட்டினேன். வாங்கினாள். விட்டாள். மேசையெல்லாம் மஞ்சள்.

"கை வழுக்கிடுச்சு," என்றாள். ஓட்வார் சிரித்துக்கொண்டே துடைத்தான். நான் சிரிக்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழுக்கவில்லை. பிடித்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள், பிடிக்கவில்லை. எனக்கு அது தெரியாதா?

சட்டைக் கையில் பட்டபோது பொத்தானைக் கழற்றி மடித்தாள். குனிந்து, ஒவ்வொன்றாக, கண்ணால் பார்த்துப் பார்த்து.

அடுப்படியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "எத்தனை நாளா?"

"எது?"

"பெர்ல்யோட்."

கழுவுகிற தண்ணீரைத் திறந்துவிட்டாள், ஓட்வாருக்குக் கேட்காமல் இருக்க. "வசந்தத்துலேர்ந்து. விரல் நுனி மட்டும்தான்."

"இன்னும் அந்த மாத்திரையையேதான் போடறியா?"

தட்டு ஒன்றை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

"நான் சொன்ன அப்புறமுமா? ஏன்டி யார்கிட்டயும் சொல்லல?"

"எப்படிச் சொல்வேன்? உனக்குக் குடுத்ததே நான். எனக்கும் அதேதான் ஆயிருக்குன்னா... அப்ப நான் உனக்குப் பண்ணினது நிஜமாயிடும். நிறுத்தினாலும் நிஜமாயிடும். அதான் போட்டுக்கிட்டே இருந்தேன்." முகத்தை ஏப்ரனில் துடைத்தாள். "ஹால்டோர் செத்த அப்புறம் இந்த வீட்டுல யாருக்கு என்ன செய்யறதுன்னே எனக்குத் தெரியலடி. இதுதான் தெரிஞ்சுது."

இத்தனை நாள் சேர்த்து வைத்த கோபம் அங்கேயே நின்றுபோயிற்று. மன்னிப்பெல்லாம் இல்லை. அதற்கு நேரமில்லை. அவள் விரல் போய்க்கொண்டிருக்கிறது.

டிசம்பர் 28, வியாழன்

"என் உடம்பு எனக்குத் தெரியும்" என்கிறாள் பெர்ல்யோட். "என் கால் எனக்குத் தெரியும்னு நானும்தான் நினைச்சேன்" என்றேன். மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். டாக்டர் மட்டும் வேண்டாமாம். நானும் விடப் போவதில்லை.

ஜனவரி 4, வியாழன்

பெர்ல்யோட் ஒருவழியாகச் சம்மதித்தாள். அவள் ஜன்னல் விளிம்பிலிருந்த அத்தனை புட்டிகளையும் கடைப்பையில் வாரிப் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் டாக்டரிடம் பேருந்தில் போனோம். என் பேருந்து. ரோர் ஓட்டினார். பை கலகலவென்று சத்தம் போட்டது.

"என்ன, மருந்துக்கடை வைக்கப் போறீங்களா?" என்றார்.

"மூடப் போறோம்" என்றேன்.

பெர்ல்யோட்டுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

ஜனவரி 18, வியாழன்

அவளுக்குப் பி6 என்னுடையதைவிட அதிகம். மற்றபடி எந்த வைட்டமினும் குறைவில்லை. எதுவுமே!

"ஒண்ணுகூடவா குறையல?" என்று டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டாள். ஏமாந்துபோன மாதிரி இருந்தது முகம். இத்தனை வருடமும் நல்ல உடம்புக்கு வைத்தியம் பார்த்திருக்கிறாள். இனி குளிர்காலத்துக்கு மீனெண்ணெய் மட்டும், அதுவும் ஒரு கரண்டியோடு சரி. மற்றதெல்லாம் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்தோம், அவர்கள் அழித்துவிடுவார்கள். கடலில் கொட்டக் கூடாதாம். நான் கொட்டச் சொன்னது இருவருக்கும் நினைவு வந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

வலித்தது!

காலையில் பூட்ஸுக்குள் காலை விட்டேன். சுருக்கென்றது. கழற்றிக் கவிழ்த்தால் ஒரு சின்ன ஜல்லிக் கல். போன மாதம் இதைவிடப் பெரிய கல்லோடு நாள் முழுக்க நடந்து, சாயங்காலம் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்று வலித்தது. வாசலில் உட்கார்ந்து சிரித்தேன். ஓட்வார் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன ஆச்சு?"

"கல்லு குத்திடுச்சு!"

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு வேகமாகத் திரும்பி வந்தான், வாயில் நுரையோடு. "எந்தக் கால்ல?"

"வலது."

பக்கத்தில் உட்கார்ந்தான். நுரை சட்டையில் சொட்டியது.

மார்ச் 12, செவ்வாய்

பெர்கன் நகரில் நரம்பு மருத்துவர். கவை, ஊசிமுனை, கண்ணை மூடி நடை, மின்சாரம் வைத்து ஒரு சோதனை. நல்ல முன்னேற்றம் என்றார். பேருந்துக்குப் போதாது என்றார். கோடையில் மறுபடி வரலாம்.

திரும்பி வரும்போது ஓட்வார் ஓட்டினான், நான் பிரேக்கில் இருந்த அவன் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எனக்குத் தோல்வி இல்லை இது. இல்லை என்றுதான் எழுதுகிறேன். எழுதினதை நாளைக்கும் படிப்பேன்.

மார்ச் 13, புதன்

படித்தேன். தொட்டியை விட்டுவிட்டுக் கண்ணை மூடி நின்றேன்.

ஏப்ரல் 15, திங்கள்

பி12 நல்ல அளவுக்கு வந்துவிட்டது. அப்படியானால் ஊசி போதுமே என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். "அளவு ஏறினது ஊசியால. காரணம் அப்படியேதான் இருக்கு. சர்க்கரை மாத்திரை சாப்பிடற வரைக்கும் இதைப் பாத்துக்கிட்டே இருக்கணும்." இனி மாதங்கள் இடைவெளி விட்டு ஊசி, நடுவில் ரத்தப் பரிசோதனை. நலமாக இருக்கும்போது ஊசிக்குப் போவது எரிச்சலோடு போனதைவிடக் கஷ்டம். போவேன்.

மங்ன்ஹில்டிடம் சொன்னேன், இனி அடிக்கடி பார்க்க முடியாது என்று. "அப்பாடா" என்றாள்.

மே 17, வெள்ளி

தேசிய தினம். கொடி, இசைக்குழு, ஐஸ்கிரீம், வழக்கமான தூறல். பாரம்பரிய உடையின் வெள்ளிக் கொக்கிகள் ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. பெர்ல்யோட் எனக்கு மாட்டிவிட வந்தாள். முதல் இரண்டையும் பார்த்துப் போட்டாள். மூன்றாவதைப் போடும்போது ஓட்வாரிடம் காப்பி போடச் சொல்லித் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தாள். விரல் தன் பாட்டுக்கு வேலை செய்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். சொல்லவில்லை. சொன்னால் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

தேவாலயத்திலிருந்து பள்ளிவரை ஊர்வலத்தில் முழுவதும் நடந்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

பெர்ல்யோட்டின் பக்கத்து வீட்டுக்காரி முடி கொட்டுகிறது என்று ஏதோ மாத்திரை கேட்டாளாம். "முதல்ல ரத்தத்தைப் பாரு, அப்புறம் வாங்கு. நான் கூட வரேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் இரண்டு பேரும் போகிறார்கள். அவளுக்கு மறுபடி ஒரு வேலை கிடைத்துவிட்டது.

ஜூலை 4, வியாழன்

பெர்கன். அதே மருத்துவர். அதே கவை. கண்ணை மூடி, பெருவிரல்: மேலே. கீழே. கீழே. மேலே. எல்லாம் சரி. இடது சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரக்கட்டை. அது அப்படியே இருந்துவிடலாம் என்றார். வண்டிக்கு அது வேண்டியதில்லையாம். தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஓட்வார் வெளியே காரில் இருந்தான். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்து, சாவியை என் கையில் வைத்துவிட்டு, மறுபக்கம் போய் உட்கார்ந்தான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வெயில். ரோர் ஆறடிக்கு மேல். அவருக்காகப் பின்னால் தள்ளியிருந்த இருக்கையை முன்னால் இழுக்கவே நேரம் பிடித்தது. கண்ணாடிகள் எல்லாம் வானத்தைக் காட்டின.

பாலத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் புதிதாக ஒரு குடும்பம். மகள் முதல் வகுப்பு. நேற்று அம்மா கூடவே போயிருக்கிறாள், இன்று தனியாக. பை அவளைவிடப் பெரிசு. ஏறி, முதல் இருக்கையில், சரியாக எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அம்மா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நகரவே இல்லை.

"நீங்க புதுசா ஓட்டறீங்களா?"

"இல்லைங்க. ரொம்ப வருஷமா."

"கீழ படகுத்துறைப் பக்கம் சரிவா இருக்கும்னாங்க. பாத்துப்பீங்கல்ல?"

"பாத்துப்பேன்" என்றேன்.

அவள் காலை எடுத்தாள். கதவை மூடினேன்.